பெட்டியோடு போன பதினைந்து எண்கள்

செல்போன் கடைக்காரனுக்குப் போனை விற்பது சுலபம், தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவரிடம் “அந்த எண் இருக்கா?” என்று கேட்பதுதான் கஷ்டம். ஒருமுறையாவது போனைத் தொலைத்தவர் என்றால் அந்த நேரத்தில் முகம் எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மன்னார்குடியில் என் கடைக்கு வந்த ஒரே ஒரு போன் பட்ட பாடு இது.

எடை

அருள்ராஜ் குவைத்தில் டிரைவர். லீவில் வந்தபோது மனைவி ஸ்டெல்லாவுக்குக் கேமரா போன் கொண்டுவந்தார். என் கடையில் சிம் போட்டதும் *#06# என்று அழுத்தினேன். திரையில் பதினைந்து எண்கள் வந்தன. “சிம்மை மாத்தினா போன் நம்பர் மாறும், இது மாறாது. இந்தப் போனுக்கு மட்டும் உள்ள எண். எழுதி வச்சுக்குங்க. பெட்டியிலயும் ஒட்டியிருக்கும், பெட்டி எங்கே?” என்றேன்.

விமானத்தில் இத்தனை கிலோதான் என்று கட்டுப்பாடு உண்டு. அதனால் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கழித்துக்கட்டுவது போன் பெட்டியைத்தான். அருள்ராஜும் சிரித்தார். “பெட்டி வர்ற எடத்துல ரெண்டு டின் பால் பவுடர் வருதுண்ணே. நம்பர வச்சு டீயா போடறது?”

பேருந்தில்

அவர் திரும்பிப் போன மூன்றாம் மாதம் மகள் நடக்கத் தொடங்கினாள். முதல் நாளே ஸ்டெல்லா அதைப் போனில் வீடியோ எடுத்துவிட்டாள். அப்போது அதைக் குவைத்துக்கு அனுப்ப அவளுக்கு வழியில்லை. அடுத்த லீவில் வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தாள். சந்தைக்கு வந்த நாளில், பேருந்து நெரிசலில் பையிலிருந்த போனை யாரோ எடுத்துவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் அந்தப் பதினைந்து எண் இல்லாமல் தேட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நேராக என் கடைக்கு வந்தாள். எழுதி வைத்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பழைய நம்பரிலேயே வேறு சிம் வாங்கித் தருகிறேன் என்று தேற்றிப் பார்த்தேன். “சிம்முல எம்புள்ள நடக்கலியேண்ணே” என்றாள்.

வெள்ளிக்கிழமை

குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று என் கடைப் போனிலிருந்தே அருள்ராஜைக் கூப்பிட்டோம். பெட்டியை அப்போதே குப்பையில் போட்டுவிட்டேன் என்று அவர் சொல்லும்போதே பின்னால் ஒரு குரல் கேட்டது. அறையில் கூட இருந்த முத்துப்பேட்டை காதர் பாய், அதை எடுத்து ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்திருந்தாராம்!

அருள்ராஜ் வாசிக்க, ஸ்டெல்லா எழுதினாள். எண்ணிப் பார்த்தேன், பதினான்குதான் இருந்தது. மூன்று மூன்றாக வாசிக்கச் சொன்னேன். அடுத்தடுத்து வந்த இரண்டு பூஜ்யத்தில் ஒன்றை அவசரத்தில் விழுங்கியிருந்தார். இப்போது ஐந்து மூன்றும் சரியாக வந்தன. “இத வீட்டுல பத்திரமா வையி. போலீசுக்குச் சொல்லு. கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லாதே” என்றேன். காதர் பாய் போனை வாங்கிப் பேசினார்: “ஊசி வைக்கத்தான் எடுத்தேன் தங்கச்சி. உம்புருசன் தூக்கிப் போடறதுல பாதி எங்கிட்டதான் இருக்கு.”

பேராவூரணி

இரண்டு மாதம் கழித்து, போலீஸ் அந்த எண்ணை வைத்துத் தேடியதில் வேறொருவர் சிம் அந்தப் போனில் ஓடுவது தெரிந்தது. பேராவூரணியில் தேங்காய் லோடு ஏற்றும் தொழிலாளி அவர். பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவனிடம் பில் இல்லாமல் வாங்கி ஏமாந்திருந்தார். அவரையும் போனையும் காவல் நிலையத்துக்கு வரவழைத்த அன்று, ஸ்டெல்லாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். காவலர் பேட்டரியைக் கழற்றி அடியிலிருந்த எண்ணைப் பார்த்தபடி கேட்டார். ஸ்டெல்லா காகிதத்தைப் பிரிக்கவேயில்லை, மும்மூன்றாகத் தடங்கலின்றிச் சொன்னாள்.

பிறகுதான் பயந்து பயந்து போனைத் திறந்தாள். அவள் எடுத்த படங்கள் ஒன்றும் இல்லை. அந்த வீடியோ மட்டும் இருந்தது. அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எடமில்லன்னு எல்லாத்தையும் அழிச்சேம்மா. அந்தப் புள்ள விழுந்து விழுந்து எந்திரிக்கிறத மட்டும் அழிக்க மனசு வரல.”

இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டது இதுதான்: போனைத் தொலைக்காதவருக்கு நான் சொல்வது காதில் ஏறாது, தொலைத்தவருக்கு நான் சொல்லவே தேவையிருக்காது.