பிரேக் மிதித்தால் கண்ணடிக்கும் வண்டி

தசராவுக்கு மறுநாள் காலை, டெல்லி ஜனக்புரி சிக்னலில் எங்கள் பிக்கப் வண்டி ஊரைப் பார்த்துக் கண்ணடித்தது. நான் மிதித்தது பிரேக்கை. சிவப்பு விளக்கு பின்னால் எரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. எரிந்ததோ முன்னால் இரண்டு பக்கமும் மஞ்சள் இண்டிகேட்டர், மங்கலாக, அரைத் தூக்கத்தில் முழிக்கிற மாதிரி. எதிரே நின்ற ஆட்டோக்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு தினுசாகச் சிரித்தார். ஓட்டுகிற எனக்கு ஐம்பது வயசு, நெற்றி நிறைய விபூதி, வண்டிக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ‘எல்’. சிரிக்காமல் என்ன செய்வார் பாவம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சொன்னார், “பிரேக்க விட்டுட்டு லெஃப்ட் இண்டிகேட்டர் போடு.”

போட்டேன். வைப்பர் கண்ணாடியில் பாதி தூரம் ஏறி, யோசித்து, அங்கேயே நின்றுவிட்டது.

“ஹெட்லைட்.”

ஹெட்லைட் போட்டதும் டீசல் முள் ஒரே தாவாகத் தாவி ‘ஃபுல்’லில் போய் உட்கார்ந்தது. முந்தின நாள்வரை கால் டேங்க்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், முடியவில்லை. சிரிப்பில் கை தவறி ஹாரனில் பட்டதும், சளி பிடித்த ஆடு மாதிரி அது ஒரு சத்தம் போட்டது. அதற்கப்புறம் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“சிரி, நல்லா சிரி. பத்து மணிக்கு டெஸ்டு,” என்றார் அவர்.

சிரிப்பு அப்படியே நின்றது.

எதற்கு நின்றது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்கள். டெல்லியில் நம் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்றால் அண்டாவும் இட்லிக் கொப்பரையும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். மெட்ரோவில் அண்டாவை ஏற்ற முடியாது. அதனால் இந்த பிக்கப். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரிக்கு வயரிங் பார்த்த மனுஷர், அவரேதான் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, “எல்லாம் டெல்லித் தூசி. என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல,” என்று ஒரு வருஷமாகச் சாதிக்கிறார். தூசி என்றால் எங்கள் வீட்டுக் கதவு நிலையில் மட்டும் ஏன் தினமும் முட்டிக்கொள்கிறார் என்று நான் கேட்பதில்லை.

சம்பளத்துக்கு வந்த டிரைவர்களில் ஒருவர் மூன்றாம் நாளே காணாமல் போனார். இன்னொருவர் முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் எழுந்த பிறகு அண்டாவோடு வந்து நின்றார். போதும்டா சாமி என்று நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுத்தபோது ரப்பர் கூம்பின் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். இரண்டாவதில் அத்தனையும் சரியாகச் செய்து, இறங்கி வணக்கமும் வைத்த பிறகுதான் தெரிந்தது, ஒரு திருப்பத்தில்கூட இண்டிகேட்டர் போடவில்லை. மூன்றாவது தடவையும் போனால் வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். தண்ணீர் கேன் போடுகிற ஒருவர் அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வண்டி போனால் தொழிலும் போனது. அண்டாவைத் தலையிலா சுமப்பேன்?

அப்படிப்பட்ட காலையில்தான் வண்டிக்கு இந்தக் கூத்து.

“எல்லாம் உன் வேலை,” என்றார்.

“நான் என்ன பண்ணினேன்?”

“ஆயுத பூஜைக்கு பேட்டரிக்கெல்லாம் சந்தனம் பூசினியே. வயருக்கும் பொட்டு, ஃபியூஸ் பெட்டிக்கும் பொட்டு. அது வண்டியா, கல்யாணப் பொண்ணா?”

பூசியது உண்மை. டெஸ்ட் பயத்தில் அந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே பூசினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நல்ல சந்தனப் பொடியாகக் கேட்டு வாங்கி, பன்னீரில் குழைத்து ஒரு கிண்ணம் நிறைய வைத்திருந்தேன். பூஜையன்று காலையில் பார்த்தால் கிண்ணத்தில் பாதிதான் இருந்தது. கல்லூரிக்குப் போகிற என் மகள் முகத்துக்குப் பூசிக்கொண்டாள் என்று அவளைப் பிடித்துத் திட்டினேன். “அம்மா, மேரீ கசம், நான் தொடவே இல்ல,” என்று பாதி இந்தியில் சத்தியம் செய்தாள். நம்பவில்லை. மிச்சமிருந்ததை வைத்து பானட்டுக்குள் கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் பொட்டு வைத்தேன். இவர் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து நட்டு போல்ட்டெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து முடித்துவிட்டு, டீயோடு தள்ளி நின்றுகொண்டிருந்தார். கற்பூரம் ஒற்றிக்கொள்ளக் கூப்பிட்டால், “பொட்டு வச்சா பிக்கப் எடுக்குமா?” என்று கிண்டல் வேறு. கோயிலுக்குப் போனாலும் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நிற்கிற ஆள் அவர்.

டெஸ்ட் மைதானத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்றால், மெதுவாக. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வண்டி கண்ணடிக்கும். பின்னால், வீட்டில் இறக்க மறந்துபோன ஒரு அண்டா, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கோயில் மணி மாதிரி ஒலிக்கும். இவர் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். திரும்பிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் நானும் பதிலுக்குக் கண்ணடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எங்களுக்குப் பதினான்காம் நம்பர் டோக்கன். உள்ளே ஆறாவது ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். இவர் பானட்டைத் தூக்கி, பல்பையும் ஃபியூஸையும் பார்க்காமல் நேராகக் கையை உள்ளே விட்டார்.

“ஒரு சாமான் கெட்டா அந்தச் சாமான் மட்டும்தான் கெடும். இங்க ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு ஆடுது. போன கரண்டு திரும்பி வர வழியில்லாம கண்ட கண்ட சந்துல நுழையுது. எர்த்துதான்.”

“அப்ப வண்டி எப்படி ஸ்டார்ட் ஆச்சு?”

“எஞ்சினுக்கு எர்த்து தனி. இது பாடி எர்த்து.”

திட்டிக்கொண்டிருந்த மனுஷர் இப்போது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே வயரைத் தடவிப் போனார். எங்கே என்ன இருக்கிறது என்று அந்த விரலுக்குத் தெரியும். பேட்டரியிலிருந்து ஒரு கறுப்பு வயர் வந்து வண்டியின் தகட்டில் போல்ட் போட்டு முறுக்கியிருந்த இடத்தில் விரல் நின்றது. ஸ்பேனர் கேட்டார், கொடுத்தேன். கழற்றினார். கழற்றினதும் சிரிப்பு போய்விட்டது. கழற்றின வாஷரோடு கையை மூடிக்கொண்டார்.

எட்டிப் பார்த்தேன். வயர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில், கரண்டு போக வேண்டிய இடத்தில், மஞ்சளாக ஒரு பூச்சு, காய்ந்து கெட்டியாக. ஈரமாக இருந்தவரை அது பாட்டுக்கு இருந்திருக்கிறது. இரண்டு நாளில் காய்ந்து வழியை அடைத்துவிட்டது.

“சந்தனம்,” என்றேன். “ஆனா நான் மேலதானே வச்சேன். போல்ட்டுக்கு அடியில எப்படிப் போகும்? நான் எங்க ஸ்பேனரைத் தொட்டேன்?”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, “நான்தான்,” என்றார். “அன்னிக்குக் கழற்றிச் சுத்தம் பண்ணிட்டு கிரீஸ் வச்சேன். பக்கத்துல உன் கிண்ணம் இருந்துச்சு போல. வித்தியாசம் தெரியல. கண்ணு... முன்ன மாதிரி இல்ல.”

ஒரு வருஷமாக டெல்லித் தூசி என்று சொல்லி வந்தவர், கண் தெரியவில்லை என்று தன் வாயால் சொல்லிவிட்டார். வழியெல்லாம் என்னைத் திட்டினதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம் என்றிருந்தவள், அதை அப்படியே விட்டுவிட்டேன். தகட்டைச் சுரண்ட உப்புத்தாள் இல்லை என்றார். பின்னால் ஏறி அண்டாவுக்குள் கிடந்த பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து வந்தேன். பழைய வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தகடு வெள்ளியாகப் பளபளக்கும்வரை இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். புது வாஷர் போட்டு முறுக்கினார்.

பிரேக் மிதித்தேன், பின்னால் சிவப்பு. ஹாரன் கணீரென்று அடித்தது. டீசல் முள் பழையபடி கால் டேங்குக்கு இறங்கிவிட்டது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

“சவுதா நம்பர், ஜல்தி,” என்று உள்ளேயிருந்து பதினான்காம் நம்பரைக் கூப்பிட்டார் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி.

என்ன ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இனி அவர் கண்ணுக்கும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. இண்டிகேட்டரை மட்டும் விடவில்லை. லெஃப்டுக்குப் போட்டேன், ரைட்டுக்குப் போட்டேன், வண்டியை நிறுத்தும்போதுகூட ஒன்று போட்டு வைத்தேன். ரிவர்ஸில் ஒரு கூம்பும் சாயவில்லை. அதிகாரி காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு, “அச்சா சலாயா, ஆன்ட்டிஜி. பாஸ்,” என்றார். நன்றாக ஓட்டினேன் என்பதை ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்தினேன். ராணுவத்தில் இருந்தவர், அத்தனை பேர் முன்னால் சல்யூட் அடித்தார். எனக்குக் கால் தரையிலேயே இல்லை.

அவர் வண்டிக்குள் ஏறியதும் முதல் காரியமாக, தண்ணீர் கேன்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். கூடவே அந்தப் பழைய வாஷரும் வந்தது. தூக்கிப் போடப் போனவள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சந்தனத்தின் மேல், ஓட்டையைச் சுற்றி மூன்று இடத்தில், குங்குமப் பொட்டு. நசுங்கியிருந்தது. ஆனாலும் நன்றாகத் தெரிந்தது, அளவாக இடம் விட்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றாக வைத்தது.

“என்னங்க,” என்றேன். “உங்க கிரீஸ் டப்பாவுல குங்குமம் எப்ப வந்துச்சு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. “ரெண்டு தடவை டெஸ்டு போச்சேன்னு...” என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. “ரோட்டைப் பாத்து ஓட்டு. பிரேக் மிதிக்கையில கண்ணடிக்குதான்னு பாரு.”

“அதெல்லாம் நின்னுபோச்சு,” என்று சொல்லிவிட்டு, நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.