மக்ரோனி எரிமலையின் சொந்தக்காரி

ஆக்லாந்தில் ஒரு யூதத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியைக்கு உதவும் டீச்சர் எய்டாக இருந்தேன். பெசாக் பண்டிகைக்கு முந்திய வாரம் வகுப்பாசிரியை ஷிரா என்னிடம் ஓர் உதவி கேட்டார். வகுப்பில் இருக்கிற மாப் பொருள்கள் முழுவதையும் நான் விலைக்கு வாங்க வேண்டும்.

அந்தப் பண்டிகை நாள்களில் பாண், பிஸ்கட், பாஸ்டா எதுவும் யூதர்களுக்குச் சொந்தமாகக்கூட இருக்கக் கூடாது. அதனால் வேற்று மதத்தவர் ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளைகளும் அதைச் செய்து பழக வேண்டும் என்பதுதான் பாடம். அந்த வகுப்பில் யூதரல்லாத ஒரே ஆள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரியான நான்.

பிள்ளைகள் டார்ச் அடித்துத் தேடினார்கள். பிளேடோ என்ற விளையாட்டு மா, உடைந்த கிராக்கர் பிஸ்கட்டுகள், கடைசியாக லியா என்ற சிறுமியின் ரங்கிடோட்டோ, ஆக்லாந்துக்கு எதிரே கடலில் இருக்கிற எரிமலைத் தீவு. கறுப்பு பெயின்ட் அடித்த மக்ரோனியை ஒட்டி அவள் செய்த எரிமலை. பசை பூசியதை யாரும் தின்ன முடியாது, விட்டுவிடலாம் என்றார் ஷிரா. லியாதான் கேட்கவில்லை. மக்ரோனி மக்ரோனிதானாம்.

நான் ஒரு நாணயத்தைக் கொடுத்துக் கை குலுக்கினேன். அப்போதுதான் லியா கேட்டாள்:

"பண்டிகை முடிஞ்சதும் திருப்பி விப்பீங்கதானே?"

ஓம், விற்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஷிரா தலையை ஆட்டித் தடுத்தார். திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தால் அது விற்பனையே இல்லையாம். "யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.

லியாவின் முகம் வாடிப்போயிற்று. பண்டிகை விடுமுறை முடிந்ததும் எரிமலையைப் பார்க்க அவளுடைய தாத்தா வெலிங்டனில் இருந்து வருவதாக இருந்தது. மதிய இடைவேளையில் மூன்று பேர் வந்து, எனக்கு எரிமலைகள் பிடிக்குமா என்று விசாரித்தார்கள். பிடிக்காது என்றேன். நிம்மதியாகப் போனார்கள்.

விடுமுறையில் ஒரு மழை நாள், பள்ளிப் பராமரிப்பாளர் போன் செய்தார். ஸ்டோர் ரூம் கூரை ஒழுகி, நான் வாங்கிய பொருள்களைப் போட்டு வைத்திருந்த பெட்டி நனைகிறதாம். பள்ளியின் பொருள் இல்லை என்பதால் தொட வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டாராம்.

"உங்க சொத்து. என்ன செய்யட்டும்?"

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். எரிமலையின் ஒரு பக்கம் ஊறிச் சரிந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஹேர் டிரையரால் காய வைத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்த எரிமலையைத் திருப்பிக் குடுக்கத்தானே போறீர்?"

"அது இன்னும் முடிவாகேல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது?

எங்கள் குசினியில் சமைக்க வைத்திருந்த மக்ரோனியை அதில் ஒட்டலாமா என்று ஷிராவிடம் கேட்டேன். அவர் தங்கள் ராபையிடம் கேட்டார். அந்த மதகுரு வெகுநேரம் சிரித்துவிட்டு, சொந்தக்காரி விரும்பினால் இன்னொரு மலையே கட்டலாம் என்றாராம்.

சரிந்த பக்கத்தை ஒட்டிச் சரிசெய்தேன். பள்ளி திறந்த அன்று, நடந்ததை லியாவிடம் சொல்லி எரிமலையை முன்னால் வைத்தேன். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"உச்சி கூராயிருக்கு. ரங்கிடோட்டோ இப்படி இல்லை."

சேதமான பொருளுக்கு முழு விலை தர முடியாது என்றாள். வகுப்பே அவள் பக்கம் நின்றது. நட்டத்துக்கு விற்றேன்.

தாத்தா வந்தபோது அவருக்கு விளக்கிக் காட்டினாள். "இந்தப் பக்கம் நான் செய்தது. அந்தப் பக்கம் முந்தின சொந்தக்காரி." அவர் எழுந்து, மிகுந்த மரியாதையோடு எனக்குக் கை கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பில் உங்களுக்கு ஒரு விளையாட்டு வேஷம் தந்தால் சிரித்துக்கொண்டு ஏற்காதீர்கள். எதிரே நிற்கிற ஏழு வயதுக்காரி நிஜமாகவே வியாபாரம் செய்துகொண்டிருப்பாள்.