எருமை உதைக்கவில்லை

என் பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, நீங்கள் மூன்று பேரும் அவர் மெல்லுகிற மாதிரி வாயை ஒரு பக்கமாகக் கோணிக்காட்டி விளையாடினீர்கள். சின்னவள் எருமை மாதிரிக் கத்தினாள். பெரியவன் காலைத் தூக்கி உதைத்துக் காட்டினான். நான் எழும்பி வந்து அவனுக்கு அடித்தேன். அதுவரைக்கும் உங்களில் ஒருவருக்கும் நான் கை நீட்டியதில்லை. "விளையாட்டுத்தானே, இதுக்கா பிள்ளைக்கு அடிக்கிற?" என்று அம்மா கேட்டா. அதற்குரிய மறுமொழியை வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

மாமாவின் தாடையை எருமை உதைக்கவில்லை.

நான் கலியாணம் முடித்து உங்கள் அம்மாவின் வீட்டுக்கு, குருக்கள்மடத்துக்கு வந்த முதல் வருஷம் அது. நான் பிறந்தது வாழைச்சேனைப் பக்கம், வலை இழுக்கிற குடும்பத்தில். சீதனமாக வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒரு துண்டு வயல் தந்தார்கள். எனக்கு வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா, தன் வயலோடு சேர்த்து என் வயலையும் உழுது விதைத்து விளைவித்துத் தந்தார். எனக்கென்று ஒரு வெள்ளாமை வந்தது அதுதான் முதல் தரம். கதிரடிக்க, வேட்டைக்குப் போகிறவன் மாதிரி நான் சந்தோஷமாகப் போனேன்.

யுத்த காலம், போவது லேசில்லை. வாவியைக் கடக்கிற பாதையில், அந்த மிதவையில், ஏற முதல் இந்தக் கரையில் ஒரு சோதனை, இறங்கினதும் அந்தக் கரையில் இன்னொரு சோதனை. டீசல் கொண்டுபோக விடமாட்டார்கள். டீசல் இல்லையென்றால் ட்ரக்டர் இல்லை. அதனால் வெட்டிப் போராக அடுக்கின கதிர்ச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு, எருமைகளை விட்டு மிதிக்க வைத்தோம். அந்த மிதிக்கிற இடம்தான் களவெட்டி. சாணி போட்டு மெழுகி, கோயில் மாதிரி வைத்திருப்பார்கள். அதற்குள் செருப்போடு போகக்கூடாது.

எனக்கு அது தெரியாது. முதல் நாள் செருப்போடு நடுக்களத்தில் போய் நின்றேன். வேலைக்கு நின்றவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மாமாதான் சிரித்தார்.

"மச்சான், உங்கட ஊரில கடலுக்கும் செருப்போடதான் இறங்குறதா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அடுத்த நாள் தேத்தண்ணி கொண்டுவந்த பக்கத்து வயல்காரர் செருப்போடு களத்து ஓரத்தில் கால் வைத்தார். நான்தான் முதல் ஆளாகக் கத்தினேன், "செருப்பு, செருப்பு!" என்று. "பாருங்கடா, புதுப் போடியார் வந்திட்டார்" என்றார் மாமா. என்னை வயல் முதலாளியாக்கின அந்தப் பகிடி எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அந்த ஆட்களில் ஒருவனாக ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை. மற்றவர்கள் எருமைகளைத் தண்ணிக்கு வாய்க்காலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். களத்தில் மாமாவும் நானும் மட்டும். நல்ல காற்று. இரண்டு பேரும் வரம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லைத் தூற்றினோம். பதர் கண்ணுக்குள் பறக்கும் என்று தலைத்துண்டைப் புருவம்வரை இழுத்துக் கட்டியிருந்தேன். பின்னால் வைக்கோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வெறுங்கால் சத்தமில்லை. நான் திரும்பாமலே கத்தினேன்.

"ஆர்ரா அது செருப்போட களத்துக்க வாறது? கழட்டிட்டு வாடா!"

பிறகுதான் திரும்பினேன். ஏழெட்டுப் பேர், சீருடையோடு, துவக்கோடு.

அவர்கள் ஆர் என்று கேட்பீர்கள். எழுதமாட்டேன். அந்த வருஷங்களில் எங்கள் வயல் வட்டைக்குள் பலவிதச் சீருடைகள் வந்து போயின. இன்னார் என்று எழுதினால், நீங்கள் முழுக் குற்றத்தையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு என்னை விட்டுவிடுவீர்கள்.

முன்னால் நின்றவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சாரம், இரண்டு பேருக்கும் தலைத்துண்டு.

"ஆர் சொன்ன?"

தூசி வாய்க்குள் போய்விட்டது, அதனால்தான் பேச முடியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூசி இல்லை, பிள்ளைகளே. பயம்.

மாமா சுளகைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் ஐயா. எங்கட பொடியன்மார் எண்டு நினைச்சிட்டன்."

அவன் போய் நெற்குவியலின் மேல் குந்தினான். காலை நீட்டினான். "கழட்டச் சொன்னாய் எல்லோ? கழட்டு."

மாமா முழங்காலில் நின்று சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். சேறு காய்ந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. "மெல்ல, மெல்ல, பொண்டாட்டிக்குக் கொலுசு கழட்டுற மாதிரிக் கழட்டு" என்றான் ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு சப்பாத்து வந்தது. "மற்றது" என்றான். மாமா மற்றக் காலுக்குக் குனிந்தார். அப்போது பக்கத்தில் நின்றவன் துவக்கைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் மாமாவின் தாடையில் குத்தினான்.

பச்சைத் தென்னம்மட்டை முறிகிற சத்தம்.

மாமா நெல்லுக்குள் முகம் குப்புற விழுந்தார். மயிரைப் பிடித்துத் தூக்கித் திரும்பவும் அதே இடத்தில் குத்தினான். இரத்தம் நெல்லில் ஊறி, குவியலின் ஒரு பக்கம் கறுப்பாகியது. கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். முதுகில் சப்பாத்தால் மிதித்தார்கள். விலாவில் உதைத்தார்கள். மாமா அழவில்லை, மூச்சுத்தான் சீறிச்சீறி வந்தது. குந்தியிருந்தவன் துவக்கின் குழலை அவர் நெற்றியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இவன் உனக்கு ஆர்?"

"மச்சான்."

"முடிக்கட்டோ, விடட்டோ?"

நான்தான் சொன்னேன் என்று சொல்ல அதுதான் நேரம். இரண்டு சொல் போதும். நான் சொன்னது வேறு.

"அவர் தெரியாமச் சொல்லிட்டார் ஐயா. மன்னிச்சு விடுங்க."

என் குற்றத்துக்கு அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டேன். குழலுக்குக் கீழே இருந்து மாமாவின் ஒரு கண் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப நீ போட்டுவிடு" என்றான், காலை என் பக்கம் நீட்டி.

போட்டுவிட்டேன். கயிற்றை வடிவாக இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரிப் பூமுடிச்சுப் போட்டேன். அவன் காலை ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டான். போகிறபோது ஒருத்தன் மிச்சமிருந்த கதிர்ச் சூட்டில் நெருப்பு வைத்தான். நல்லாய்க் காய்ந்த கதிர். நான் ஒரு குடம் தண்ணீர் தேட முதலே அது கூரை உயரத்துக்கு எரிந்தது.

எருமைக்காரர்கள் புகையைக் கண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நான் நடந்ததில் பாதியைச் சொன்னேன். மாமாவை வண்டிலில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்தோம். கரைச் சோதனையில் நின்றவன் என்ன நடந்தது என்று கேட்டான். உள்ளதைச் சொன்னால் இரண்டு பேரையும் விடமாட்டான் என்று எனக்குத் தெரியும். "எருமை உதைச்சிட்டு" என்றேன். அவன் மாமாவின் வெறும் முதுகைத் திருப்பிப் பார்த்தான். சப்பாத்தின் அடித்தடம் பல்லுப் பல்லாகப் பதிந்திருந்தது.

"எருமை சப்பாத்துப் போட்டிருந்ததோ?" என்று கேட்டுவிட்டு, விட்டான்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பல வாரம் குழாயால் கஞ்சிதான். வீட்டிலும் எருமை என்றே சொன்னேன்; எருமைக்காரர்களும் பயத்தில் அதையே சொன்னார்கள். கம்பியை எடுத்த அன்று, அம்மா அந்தப் பக்கம் போன நேரம், நான் அவர் கட்டிலடியில் இருந்து, "மச்சான், நான் வீட்டில சொல்லிப்போடுறன்" என்றேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாகத்தான் அவருக்கு வந்தது.

"எருமைதான் மச்சான். தங்கச்சி பிள்ளைத்தாச்சி. தெரிஞ்சா உன்னை வலை இழுக்கத்தான் திருப்பி அனுப்புவாள்."

சிரிக்கப் பார்த்தார். நோவில் முடியவில்லை. அந்த வயிற்றில் இருந்தது நீதான், பெரியவனே. உன்னில் எனக்குக் கோபமில்லை. நீ காலைத் தூக்கி உதைத்தபோது, நான் சொன்ன பொய் என் கண்முன்னால் எழும்பி விளையாடியது. அதற்குத்தான் அடித்தேன். அது உனக்குச் சேரவேண்டிய அடியில்லை.

இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். மாமாவிடம் கேட்டால், எருமைதான் என்று அவர் இன்னும் சொல்லுவார். நம்பவேண்டாம்.

ஒன்றை மட்டும் நான் அவருக்குக்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த ஐந்தாம் நாள், மிஞ்சின நெல்லை அள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் பாதையேறிப் போனேன். கதிர்ச் சூடு இருந்த இடத்தில் சாம்பல். களத்தில் சப்பாத்துத் தடங்கள் காய்ந்து கிடந்தன. குவியலில் கறுத்த பக்கத்தைச் சுளகில் அள்ளி அள்ளிப் புடைத்தேன். உச்சி வெயில் வரைக்கும் புடைத்து, மாமாவின் பல் இரண்டைக் கண்டெடுத்து, வாய்க்காலில் கழுவிச் சாரத்து முடிச்சில் வைத்தேன்.

பிறகு அன்றைக்கு நின்ற அதே இடத்தில், வரம்புக்கு முதுகைக் காட்டி நின்றேன். "நான்தான் சொன்னன்" என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை. இன்னொரு தரமும் சொன்னேன். களத்து ஓரத்தில் கழற்றி வைத்திருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்தேன்.