மொறிஸ் மைனருக்குப் புது வெளிச்சம்

துறைமுகத்தருகே இருக்கும் என் வாகன மின்வேலைக் கடைக்கு ஒரு பெரியவர் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை ஓட்டி வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, தடித்த மூக்குக்கண்ணாடி. இறங்கியவர் சுற்றிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்து, சற்று நின்று, மூடினார். அந்தச் சீட்டில் யாரும் இருக்கவில்லை.

"இரவில றோட்டுத் தெரியேல்ல, தம்பி. நல்ல லைட்டாப் போட்டுவிடுங்கோ."

"இவ்வளவு காலமும் எப்பிடி ஓடினீங்கள், ஐயா?"

"என்ர மனிசி பக்கத்தில இருந்து சொல்லுவா. மாசியில அவ கண்ணை மூடிட்டா."

மெழுகுதிரி போல மங்கிக் கிடந்த பல்புகளைக் கழற்றி, பழைய டைனமோ தாங்கக்கூடிய எல்ஈடி போட்டேன். பொழுதுபட்டதும் ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். கோட்டைப் பக்கம் திரும்பியபோது, கோட்டையடியில் திரியும் மான்கள் பகல் போன்ற வெளிச்சத்தில் நடுவீதியில் நின்றன. அவரும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வேகம் குறையவில்லை.

"ஐயா, மான் நிக்குது."

உடனே பிரேக்கை மிதித்தார். மான்கள் விலகிய பிறகும் காரை எடுக்கவில்லை.

"தெரிஞ்சது, தம்பி. அவ சொல்லுவா எண்டு இருந்திட்டன்."

கடைக்கு வந்ததும், சுற்றிவந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு தனியே புறப்பட்டார். விளக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவர் வீதிமுனை திரும்பும்வரை நான் கடையைப் பூட்டவில்லை.