அண்ணன் சேர்த்த பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் தங்கையின் ஸ்தோத்திரம். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அண்ணி சொன்னார். நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான். அண்ணனை நினைத்து நினைத்துப் பயந்ததுதான் என் சின்ன வயது. அதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும்.

அண்ணன் பூந்தமல்லியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் பிறந்தார். அப்பாவுக்கு அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. எண்பதுகளின் நடுவில், அண்ணன் மூன்றாம் வகுப்பு படித்தபோது, மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில், பெனிசிலின் ஊசி போட வேண்டும் என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

முதலில் முன்கையில் சின்னதாக ஒரு சோதனை ஊசி. அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அங்கேயே உயிர் போய்விடும் என்று வரிசையில் யாரோ பேசியதை நான் கேட்டுவிட்டேன். அப்புறம் விடுவேனா? அண்ணனை ஒட்டி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தோல் சிவக்கிறதா, தடிக்கிறதா என்று கண் கொட்டாமல் பார்ப்பேன்.

“இன்னாடி, என் கையில சினிமாவா ஓடுது?” என்பார் அண்ணன். அவருக்குக் கிண்டல். நான் கையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன்.

அப்புறம் பெரிய ஊசி இடுப்பில் ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி வெளியே வருவார். வாசல் பெட்டிக்கடையில் அப்பா பபிள்கம் வாங்கித் தருவார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டை இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் கேப்டன் அட்டைக்கும் சிக்ஸர் அடிக்கிறவர் அட்டைக்கும் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். அண்ணன் அவற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் வேண்டாத ஆட்களை வாங்கிக்கொள்வார். ஏதோ ஒரு நாட்டின் மாற்று விக்கெட் கீப்பர், தண்ணீர் பாட்டிலோடு மட்டும் மைதானத்தைப் பார்த்தவர், முதல் ஆட்டத்திலேயே முட்டை வாங்கி வீட்டுக்குப் போனவர்.

“இவுங்கள நாம வெச்சிக்கலன்னா யார்டி வெச்சிப்பாங்க?” என்பார். பள்ளிக்கூடத்தில் ஓடக்கூடாது என்று ஓரமாக உட்காரவைத்த பிள்ளை அல்லவா, அவருக்கு அவர்கள் சொந்தக்காரர்கள்.

ஒருநாள் ஊசிக்கு வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அட்டைகளைக் காட்டி, “தோ பாரு கண்ணு, நம்பர் போட்டுக்கீது. எல்லா நம்பரும் சேந்துச்சின்னா ஊசி நின்னுடும். டாக்டரே சொல்ட்டாரு” என்றார். சுத்தப் பொய். கம்பெனிக்காரன் சில அட்டைகளை அபூர்வமாகத்தான் போடுவான், வரிசை எங்கே முழுசாகச் சேரப் போகிறது என்ற தைரியம் அப்பாவுக்கு. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து கேப்டன் அட்டைகளிலும் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் தூக்கிக் கொடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் குழாயடியில் எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். “ஊசி போட்டுகினு கீற வரைக்கும்தான் புள்ள உசுரு. என்னிக்கு நிறுத்துறீங்களோ அன்னிக்குப் போச்சி.”

இரண்டையும் நானே சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அட்டை சேர்ந்தால் ஊசி நிற்கும்; ஊசி நின்றால் அண்ணன் இருக்கமாட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடுமோ என்று அதற்கும் பயம். அண்ணன் பபிள்கம் பிரிக்கும்போதெல்லாம், ஆண்டவரே, பழைய அட்டையே வரட்டும் என்று உள்ளுக்குள் கதறுவேன்.

பாழாய்ப் போன அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒன்றுதான் பாக்கி. யாரோ ஒரு சுழற்பந்து வீச்சாளர். பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், போரூர் தாண்டியதும், அண்ணன் பிரித்த பபிள்கம்மில் அந்த ஆள் வந்துவிட்டார். நம்பரைப் பார்த்த உடனே நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

“வோணாம்ணா! வெச்சிக்காதண்ணா!”

“இன்னா ஆச்சு உனுக்கு?”

“செட்டு முடிஞ்சா ஊசி நின்னுடும். ஊசி நின்னா நீ செத்துப் பூடுவே!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் இருந்த அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஐயப்பன்தாங்கல் டெப்போ பக்கம் பஸ் மெதுவாகப் போனபோது, கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி அட்டையை விட்டுவிட்டார்.

“பூட்சி. மூக்கத் தொடை” என்றார்.

அதற்குப் பிறகும் ஊசி தொடர்ந்தது. தொண்ணூறுகளில் அண்ணன் டிப்ளமோ முடித்து அம்பத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. திருமணம், இரண்டு பிள்ளைகள், வால்வு மாற்றிய முதல் அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் தாண்டி வந்தார். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. சபையில் புதிதாக ஒருவர் ஓரமாக நின்றால், முதலில் போய்ப் பேசுகிறவர் அவர்தான். இரண்டாவது அறுவை சிகிச்சையிலிருந்துதான் எங்களிடம் திரும்பி வரவில்லை.

அவரைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், பெயர் சொல்லி அன்போடு பேசிய நர்சுகளுக்கும், இரத்தம் கொடுத்த வேலைத் தோழர்களுக்கும், இரவும் பகலும் உபவாச ஜெபத்தில் இருந்த சபையாருக்கும், எங்களையெல்லாம் தாங்கிய அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய சாயங்காலம் அண்ணனுக்கும் நன்றி சொல்லப் பார்த்தேன். “அன்னிக்கு எனுக்காகத்தானேண்ணா அந்த அட்டைய உட்டுட்டே” என்றேன்.

“உனுக்காகவா? அத்த குழாயடியில பேசினப்போ நான் சன்னலாண்டதான் படுத்துகினு இருந்தேன். ஒவ்வொரு அட்டையும் நானும் பயந்துகினுதான்டி பிரிச்சேன்.”

“அப்ப ஏண்ணா சிரிச்சே?”

“ரெண்டு பேரும் அழுதா அப்பா இன்னா பண்ணுவாரு, பாவம்?”

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போதும் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் சிரித்தேன்.