பெயர் எழுதாத கல்யாணப் படம்

என்னைப் பெற்றதுமே அம்மா இறந்துவிட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லாததால் அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆபீஸ் அரைநாள் விடும் சனிக்கிழமைகளில் மட்டும் உறவினர் வீடுகளுக்குப் போய்க் குடும்ப விவரங்களைக் குறித்துவந்தேன். அம்மாவைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர் ஊரப்பாக்கத்து அத்தை ஒருவர்தான். அவர் ஒரு பழைய கல்யாணப் படத்தைத் தந்தார்.

"இதுல உங்கம்மாவும் இருக்காடா, சின்னப் பொண்ணா. உட்காரு, ஒவ்வொருத்தரா சொல்றேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை. தாம்பரம் ஸ்டுடியோவுல காப்பி எடுத்துட்டு அடுத்த வாரம் வரேன்" என்று ஓடினேன்.

அந்த வியாழக்கிழமையே அத்தை இறந்துபோனார்.

படத்தில் பாவாடை கட்டிய சிறுமிகள் ஐந்து பேர். ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்து அழுதிருக்கிறேன்.

இப்போதெல்லாம் பஸ் போனாலும் போகட்டுமென்று, உறவினர் எந்தப் படத்தைத் தந்தாலும் அதன் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதிய பிறகே எழுகிறேன். என் அம்மா யாரென்று மட்டும் இனி யாரும் சொல்லப்போவதில்லை.