மருந்து படாத அரை ஏக்கர்

உத்திரமேரூர்ப் பக்கம் காவாந்தண்டலத்தில் மலர்க்கொடியின் கத்திரிக்காய்க்கு வாரத்தில் இரண்டு நாள் வேன் வந்து நிற்கும். கடலோரச் சாலையில் இருக்கிற பெரிய ஹோட்டலின் வேன். பூச்சிமருந்து அடிக்காத காயை மட்டும்தான் அவர்கள் எடுப்பார்கள். அடுத்தவர் கழனியில் களை பறித்துக்கொண்டிருந்தவள், அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, மூன்று வருஷம் ஒரு சொட்டு மருந்து படாமல் காப்பாற்றி அந்த ஆர்டரை வாங்கினாள். லேசுப்பட்ட காரியமா அது? முதல் வருஷம் பாதிக் காயைப் புழு தின்றது. ஊர் சிரித்தது.

ஹோட்டல்காரன் சொன்னதற்காக ஒன்றும் அவள் மருந்தைக் கைவிட்டவளில்லை. புருஷன் சடையப்பன் இருபது வருஷம் கூலிக்கு மருந்தடித்தவன். முகத்தில் ஒரு துணிகூடக் கட்டமாட்டான். கடைசியில் கை நடுக்கம் கண்டு, இவள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள். மருந்துதான் காரணமென்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. எழுதித் தந்தால்தான் அவளுக்குத் தெரியுமா என்ன?

போன ஐப்பசியில் சடையப்பன் போய்ச் சேர்ந்தான். கருமாதி முடிகிறவரை வண்டி வேண்டாமென்று ஹோட்டலுக்கு ஃபோனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே முடங்கிக் கிடந்தாள்.

பதினேழாம் நாள் கழனிக்குப் போனாள். தண்ணீர் பாய்ந்து செடியெல்லாம் பளபளவென்று நின்றது. ஒரு புழு இல்லை. ஒரு வண்டுகூட இல்லை. குனிந்ததும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. சடையப்பன் சட்டையில் எத்தனை துவைத்தும் போகாத அதே நாற்றம். அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்துக் கழனி கிருஷ்ணசாமி ஓடி வந்தார். புருஷனை நினைத்து அழுகிறாள் என்றுதான் அவருக்கு எண்ணம்.

"அழாதம்மா. பூச்சி வுளுந்து கீது, நீயோ வர முடியாது. பாத்துக்கினு சும்மா இருப்பனா? என் காசுல மருந்து வாங்கி ரெண்டு தபா அடிச்சேன். காசில்லாமத்தான் நீ அடிக்காம கீறன்னு எனக்குத் தெரியாதா? சடையப்பன் என் கழனிக்கு எத்தினி நாள் அடிச்சிருப்பான்."

அவரை என்னவென்று திட்டுவது? நல்ல மனசோடு செய்தவரிடம் வாய் எப்படி எழும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் வேனில் பூஜா வந்தாள். ஹோட்டலுக்குக் காய் பார்த்து எடுக்கிற பெண். எப்போதாவதுதான் காயை லேபுக்கு அனுப்புவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும்.

"மருந்து பட்டுப்போச்சும்மா. எடுக்காத," என்றாள் மலர்க்கொடி.

பூஜாவுக்கு முகம் செத்துவிட்டது. "அக்கா, இத எழுதினா மறுபடி மூணு வருஷம் உங்க காய எடுக்க மாட்டாங்க. நான் இன்னும் எழுதல. யோசிச்சுச் சொல்லுங்க."

"அவுரு பட்ட பாட்டப் பாத்தவ நான். துன்றவங்களுக்குத் தெரியாம குடுக்கச் சொல்றியா? எழுதிக்கோ."

இன்னும் மூன்று வருஷம் எங்கே போவது? தை பிறந்தால் குத்தகையே முடிகிறது. வேன் திரும்பி ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிருஷ்ணசாமி வரப்பிலிருந்து கேட்டார். "இன்னாம்மா, வண்டி காலியா போவுது? காய் புடிக்கலியா?"

"புட்ச்சுதுண்ணா. நல்லா கீதுன்னாங்க. இன்னிக்கு வேணாமாம்."

அவருக்கு அப்படியொரு சந்தோஷம். "அப்ப அடுத்த வாரமும் நானே அடிச்சு வுட்டுர்றேன். நீ கவலப்படாத."

"சரிண்ணா," என்றாள். இனிமேல் அவர் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன.